கிளீட்டை எங்கே பூட்டுவது?

கிளீட் என்பது சைக்கிள் சப்பாத்தின் அடியில் பூட்டி, பெடலில் கொளுவும் துண்டு. சப்பாத்தைப் போட்டபடியே பெருவிரல், சின்னவிரல் இரண்டின் அடிமூட்டும் புடைக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து வெளியே பேனையால் குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் பெடல் அச்சு வந்தால் பெரும்பாலானோருக்குச் சரி. விரல் விறைத்தால் கிளீட்டை 2 மில்லிமீற்றர் குதிப் பக்கம் தள்ளுங்கள். ஒரே நாளில் அதற்கு மேல் வேண்டாம்.

முழங்காலைப் பதம் பார்ப்பது கிளீட்டின் கோணம்தான். மேசையில் குந்தி காலைத் தொங்கவிடுங்கள். பாதம் தானாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அப்படியே பூட்டுங்கள். ஷிமானோ நிறுவனத்தின் மஞ்சள் கிளீட்டில் பாதம் 6 பாகை அசையும், சிவப்பில் அசையாது, புதியவருக்கு மஞ்சள்தான்.

கிளீட் ஆணிக்குக் கிறீஸ் பூசி 5 முதல் 6 நியூட்டன் மீற்றர் இறுக்குங்கள். மட்டக்களப்புக் கல்லடி உப்புக்காற்றில் கிறீஸ் இல்லாத ஆணி துருப்பிடிக்கும். பிறகு கழற்றப் போனால் அலன் கீ வழுக்கும். கடற்கரை மணலில் நடந்தால் கிளீட் இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெடலில் கொளுவாது.