ஜெர்மனியில் ஃப்ரீலான்சராகப் பணிபுரிய விசா பெறும் வழி

வெளிநாட்டில் தங்கிச் சொந்தமாகத் தொழில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஜெர்மனி தரும் அனுமதி, இணையவழி வேலை செய்துகொண்டு நாடு விட்டு நாடு சென்று தங்குவோருக்காக அண்மை ஆண்டுகளில் பல நாடுகள் கொண்டுவந்துள்ள ‘டிஜிட்டல் நோமாட்’ விசாவிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. 2020 இல் எஸ்தோனியாவும் 2023 இல் ஸ்பெயினும் தொடங்கிய அவ்வகை விசாக்கள், விண்ணப்பிப்பவருக்கு வெளியிலிருந்து போதிய வருமானம் வருகிறதா என்பதையே முதன்மையாகப் பார்க்கின்றன. ஜெர்மனியில் அப்படியொரு விசா கிடையாது. அங்கே விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரிக்கு இரண்டு கேள்விகள் உண்டு. நீங்கள் செய்யும் வேலை, சட்டம் வகுத்துள்ள ஃப்ரீலான்ஸ் தொழில்களுக்குள் அடங்குகிறதா? அந்த வேலைக்கு ஜெர்மனியில் பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்களா? கோப்பில் வைக்கும் ஒவ்வொரு தாளும் இவற்றுள் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். சொல்லாத தாளால் கோப்பு தடிக்குமே ஒழிய வலுப்பெறாது.

முதலில் தொழிலின் வகையை முடிவு செய்யுங்கள்

சொந்தத் தொழில் செய்பவர்களை ஜெர்மன் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ‘ஃப்ரைபெருஃப்ளர்’ எனப்படும் ஃப்ரீலான்சர்கள் ஒரு வகை. ‘கெவெர்ப’ எனப்படும் வணிகத் தொழில் நடத்துவோர் மற்றொரு வகை. யார் ஃப்ரீலான்சர் என்பதை வருமானவரிச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு சொல்கிறது: மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர் போன்ற தொழில்களைப் பெயர் சொல்லியே பட்டியலிடும் அப்பிரிவு, அறிவியல், கலை, எழுத்து, கற்பித்தல் சார்ந்த பணிகளையும், பட்டியலில் உள்ளவற்றுக்கு ஒப்பான தொழில்களையும் அதில் சேர்க்கிறது. இந்த ‘ஒப்பான’ என்ற சொல்லில்தான் பலருடைய விண்ணப்பம் சிக்குகிறது.

மொழிபெயர்ப்பாளருக்கோ மொழியாசிரியருக்கோ ஐயம் எழாது. மென்பொருள் உருவாக்குநர் பொறியாளருக்கு ஒப்பானவர் என்ற முறையில் ஏற்கப்படுவதுண்டு. கணினி அறிவியலில் பட்டம் பெற்றிருந்தால் இது எளிது, தானாகக் கற்றவராக இருந்தால் தம் அறிவின் ஆழத்தைச் செய்த பணிகளின் விவரங்களால் நிறுவ வேண்டியிருக்கும். செய்தி நிறுவனங்களுக்குப் படமெடுப்பவர் பத்திரிகையாளராகக் கருதப்படுவார், ஆனால் விளம்பரங்களுக்காக மட்டும் படமெடுப்பவரை வணிகத் தொழிலர் என்று வரி அலுவலகம் சொல்லக்கூடும். இணையத்தில் பொருள் விற்பது, தரகு வேலை, பிறருக்கு ஆள் பிடித்துத் தருவது ஆகியவை ஐயமின்றி வணிகம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், குடியிருப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு இவ்விருவருக்கும் வெவ்வேறு தேர்வு வைக்கிறது. வணிகம் தொடங்குபவர் முதல் உட்பிரிவின்படி, தம் தொழிலில் பொருளாதார நலனோ வட்டாரத் தேவையோ இருப்பதையும், பொருளாதாரத்துக்கு அது நன்மை தரும் என்பதையும், முதலீட்டுக்குச் சொந்தப் பணமோ கடன் உறுதியோ உள்ளதையும் காட்ட வேண்டும். ஃப்ரீலான்சருக்கான ஐந்தாம் உட்பிரிவு இந்தச் சுமையிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் அனுமதி ‘வழங்கப்படலாம்’ என்றுதான் அது சொல்கிறது. வழங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவு அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. மருத்துவம், சட்டம் போன்று உரிமம் தேவைப்படும் தொழிலாயின், அந்த உரிமத்தையோ அது கிடைக்கும் என்ற உறுதியையோ முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கிடைக்கும் அனுமதியில் எந்தத் தொழிலைச் செய்யலாம் என்பது பெரும்பாலும் பெயர் குறித்தே எழுதப்படும். ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதப்பட்டவர் ஓராண்டு கழித்து இணையதள வடிவமைப்புக்கு மாறினால் அனுமதியை மாற்றக் கோர வேண்டும். ஆகையால் விண்ணப்பத்தில் தொழிலின் பெயரை எழுதும்போது, இன்று செய்வதோடு அடுத்த இரண்டு ஆண்டுகளில் செய்யக்கூடியதையும் எண்ணி எழுதுவது நல்லது. அதற்காக ஐந்து தொழில்களை அடுக்கினால், எதிலும் ஊன்றாதவர் என்ற எண்ணமே அதிகாரிக்கு உண்டாகும்.

வாடிக்கையாளரின் கடிதமே கோப்பின் உயிர்

பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், செய்த வேலைகளின் தொகுப்பு ஆகியவை முதற்கேள்விக்கு விடை தருகின்றன. இரண்டாவது கேள்விக்கு விடை, ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளர்கள் எழுதித் தரும் உறுதிக் கடிதங்களில் இருக்கிறது. விசா வருவதற்கு முன் அங்கே வேலையைத் தொடங்க முடியாது என்பதால் இவை முழு ஒப்பந்தங்களாக இருக்க வேண்டியதில்லை. அனுமதி கிடைத்ததும் இன்னாரிடம் இன்ன வேலை தருவோம் என்ற விருப்பத்தைத் தெரிவித்தால் போதும்.

ஆயினும் ‘இவருடன் பணிபுரிய ஆவலாக உள்ளோம்’ என்று மட்டும் சொல்லும் கடிதத்தால் பெரிதாகப் பயனில்லை. நிறுவனத்தின் முகவரித் தாளில், பொறுப்பானவரின் கையொப்பத்துடன், வேலை என்ன, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் அல்லது ஆண்டுக்கு எத்தனை பணிகள், மணிக்கு எவ்வளவு ஊதியம், எத்தனை காலத்துக்கு என்ற நான்கு விவரங்களும் கடிதத்தில் வர வேண்டும். விண்ணப்பத்துடன் தரும் வருவாய் முன்மதிப்பீட்டில் காட்டும் தொகையை, அதிகாரி இக்கடிதங்களிலுள்ள எண்களைப் பெருக்கிக் கூட்டிச் சரிபார்க்க முடிந்தால், வேலையில் பாதி முடிந்த மாதிரி. கடிதங்களின்படி மாதம் 1,200 யூரோ வருமென்று கணக்காகி, மதிப்பீட்டில் 4,000 யூரோ என்று எழுதியிருந்தால், மீதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்க வேண்டும்.

கடிதங்கள் இரண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரே வாடிக்கையாளரை மட்டும் காட்டுவது, ஜெர்மானியர் ‘ஷைன்செல்ப்ஸ்டெண்டிக்கைட்’ என்று சொல்லும் போலிச் சுயதொழில் பற்றிய ஐயத்தை எழுப்பும். பெயருக்கு ஃப்ரீலான்சர், நடைமுறையில் ஊழியர் என்று முடிவானால், அந்த நிறுவனம் சமூகக் காப்பீட்டுத் தொகையைப் பின்னோக்கிக் கட்ட வேண்டி வரும். அனுமதி பெற்றவருக்கும் ஊழியராக வேலை செய்ய உரிமை இல்லை என்பதால் அவர் நிலையும் சிக்கலாகும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கடிதங்களையும் சேர்க்கலாம், அவை வருமானத்துக்குச் சான்றாகும். ஆனால் கடிதங்கள் அத்தனையும் வெளிநாட்டவை என்றால், இவர் ஏன் ஜெர்மனியில் இருக்க வேண்டும் என்று அதிகாரி கேட்பதில் நியாயம் உண்டு.

பிற ஆவணங்கள்

தற்குறிப்பு, தொழில் விவர அறிக்கை, செலவுத் திட்டம், வருவாய் முன்மதிப்பீடு, தங்குமிடச் சான்று, மருத்துவக் காப்பீடு ஆகியவை வேண்டும். ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ இல்லாத சான்றிதழ்களை, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கும்.

மருத்துவக் காப்பீட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்கான காப்பீடு பயணத்துக்கும் முதல் சில நாட்களுக்கும் உதவுமே தவிர, குடியிருப்பு அனுமதிக்கு ஏற்கப்படாது. நாட்டின் பொதுக் காப்பீட்டுக்கு இணையான பாதுகாப்புத் தரும் திட்டத்தையே கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குமுன் காப்பீடு பெற்றிராத ஃப்ரீலான்சருக்குப் பொதுக் காப்பீட்டில் நேரடியாகச் சேர்வது கடினம் என்பதால், பெரும்பாலோர் தனியார் காப்பீட்டிலேயே தொடங்குகிறார்கள். கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு: ‘க்யூன்ஸ்ட்லர்சோட்சியால்காஸ்ஸ’ என்ற கலைஞர் சமூக நிதியம் உறுப்பினராக ஏற்றுக்கொண்டால், பொதுக் காப்பீட்டின் கதவு திறப்பதோடு, காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்குமான பங்களிப்பில் ஏறத்தாழப் பாதியே தம் கையிலிருந்து போகும். கலைத் தொழிலில் ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் ஈட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தொழிலுக்குப் புதியவர்களுக்கு முதல் மூன்றாண்டுகள் இதிலிருந்து விலக்கு உண்டு.

45 வயதைக் கடந்தவர்கள் முதுமைக்காலத்துக்குப் போதிய சேமிப்போ ஓய்வூதிய உரிமையோ இருப்பதாகக் காட்ட வேண்டும். உடன்படிக்கைகளின் அடிப்படையில் இலங்கை, ஜப்பான், அமெரிக்கா உள்ளிட்ட சில நாட்டவர்க்கு மட்டும் இது தேவையில்லை.

எங்கே விண்ணப்பிப்பது

ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஜப்பான், கனடா, தென்கொரியா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாட்டுக் குடிமக்கள் விசா இன்றி ஜெர்மனிக்குள் நுழைந்து, அங்கிருந்தே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களில் பெரும்பாலோர் தாம் வசிக்கும் நாட்டிலுள்ள ஜெர்மன் தூதரகத்தில், நீண்டகாலம் தங்குவதற்கான ‘டி’ வகை தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ. சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசாவில் போய்விட்டு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது பொதுவாக நடக்காத காரியம். ஏற்கெனவே வேறு காரணத்துக்காக ஜெர்மனியில் அனுமதியோடு வாழ்பவர்கள், அந்த அனுமதியை விட்டுவிடாமலேயே ஃப்ரீலான்ஸ் வேலைக்கும் இசைவு கேட்க 21 ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவு இடமளிக்கிறது. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களுக்கும் தனிச் சலுகை உண்டு.

தூதரகம் கோப்பை வாங்கி, நீங்கள் குடியேறப் போகும் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு அனுப்பும். அந்த அலுவலகம் தொழில் அமைப்புகளின் கருத்தையும் கேட்கலாம் என்பதால், விடை வரச் சில மாதங்கள் ஆவது இயல்பு. எனவே எந்த ஊர் என்பதை விளையாட்டாக முடிவு செய்யக் கூடாது. வாடிக்கையாளர்கள் ஹாம்பர்கில் இருக்க, முகவரி மட்டும் ம்யூனிக்கில் இருந்தால் அதற்கும் ஒரு வரி விளக்கம் தர வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால், முன்பெல்லாம் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்க முடிந்தது. அந்த நடைமுறை 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம், அல்லது குறையைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிக்கலாம். மறுப்புக்குக் காரணம் கடிதங்களின் வலுவின்மை என்றால், என் கணிப்பில் இரண்டாவது வழியே விரைவானது.

போய்ச் சேர்ந்த பிறகு

வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ‘அன்மெல்டுங்’ எனப்படும் இப்பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிச் சீட்டு தேவை. அதைத் தர மறுக்கும் வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாயினும் எடுக்க வேண்டாம், ஏனெனில் இப்பதிவு இல்லாமல் அடுத்த வேலை எதுவும் நகராது. தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் ‘எல்ஸ்டர்’ என்ற அரசு இணையதளம் வழியாக வரி அலுவலகத்தின் வினாப்படிவத்தை நிரப்பி அனுப்பினால் வரி எண் கிடைக்கும். அந்த எண்ணின்றி முறையான இன்வாய்ஸ் எழுத இயலாது. நீங்கள் ஃப்ரீலான்சரா வணிகரா என்பதை வரி அலுவலகம் தன்னளவில் முடிவு செய்யும். விசாவில் எழுதியிருப்பது அதைக் கட்டுப்படுத்தாது.

அந்தப் படிவத்தில் எதிர்பார்க்கும் லாபத்தை எழுதும் கட்டம் ஒன்று வரும். விசா விண்ணப்பத்தில் எழுதிய தொகைக்கும் இதற்கும் பொருந்தாமை இருக்கக் கூடாது, அதேவேளை மிகையாக எழுதினால் காலாண்டுதோறும் முன்கூட்டி வரி கட்டச் சொல்லி ஆணை வரும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 10 ஆம் நாள் அதற்குக் கெடு. முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 25,000 யூரோவைத் தாண்டாதவர்கள், சிறுதொழிலர் விதிப்படி வாடிக்கையாளரிடம் விற்பனை வரி வசூலிக்காமல் இருக்கலாம். 2025 முதல் உள்ள வரம்பு இது. தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவருக்கு இது லாபம். நிறுவனங்களுக்கு மட்டும் வேலை செய்பவருக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

ஓய்வூதியக் காப்பீடு ஃப்ரீலான்சருக்குப் பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் ஊழியர் வைத்துக்கொள்ளாத ஆசிரியருக்கு அது கட்டாயம். வருமானத்தில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பெறுபவருக்கும் கட்டாயமாகும். முழுப் பங்களிப்பான 18.6 விழுக்காட்டையும் அவரே கட்ட வேண்டும் என்பதால், மொழியாசிரியர்கள் மணிக்கூலி பேசும்போதே இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

முதல் அனுமதி முடியுமுன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதும். அதற்குச் சான்றாக ஒரு தாளும் தருவார்கள். அப்போது எதிர்காலக் கடிதங்களைவிட, வரித் தீர்வாணை (ஆண்டு வரியைக் கணக்கிட்டு வரி அலுவலகம் தரும் ஆணை), வங்கிக் கணக்கு, பல ஊர்களில் வரி ஆலோசகரின் சான்றறிக்கை என நடந்து முடிந்தவற்றையே கேட்பார்கள். வரியைக் குறைக்கச் செலவுகளை அள்ளிக் காட்டியவர்கள் இங்கே அகப்பட்டுக்கொள்வார்கள்: வெளிநாட்டினர் அலுவலகம் பார்ப்பது செலவு போக மிஞ்சிய லாபத்தை, வாடகையும் காப்பீடும் கட்ட அது போதவில்லை என்றால், வங்கியில் எவ்வளவு புரண்டிருந்தாலும் நீட்டிப்புத் தடுமாறும்.

வணிகத் தொழிலர் வெற்றி பெற்றால் மூன்றாண்டில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். ஃப்ரீலான்சருக்கு அந்தக் குறுக்குவழி பொருந்தாது. அவருக்கு ஐந்தாண்டும், ‘பி1’ எனப்படும் இடைநிலை அளவு ஜெர்மன் மொழியறிவும், 60 மாத ஓய்வூதியப் பங்களிப்போ அதற்கு நிகரான தனியார் ஏற்பாடோ தேவை. கட்டாயமில்லை என்று நான்காண்டுகள் ஓய்வூதியத்தைத் தள்ளிப் போட்டவர் ஐந்தாம் ஆண்டில் அந்த 60 மாதங்களை எட்ட முடியாமல் நிற்பார் என்பதால், எந்த வழியில் இதைக் காட்டப் போகிறோம் என்பதை முதலாண்டிலேயே வரி ஆலோசகரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும்.