ஓக் காட்டில் முதல் பறவை நடை: பின்சர் முகட்டில் ஒரு காலை

உத்தராகண்டில், அல்மோரா மாவட்டத்தில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பின்சர் முகடு. ஏறும் வழியில் பைன் மரங்கள்; அங்கே நிற்க வேண்டாம், பறவைகள் குறைவு. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும் மரம் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். அதுதான் பாஞ்ச் எனப்படும் ஓக். கிளையெல்லாம் பாசி, பாசிக்குள் பூச்சி. பறவைக்கு வேறென்ன வேண்டும்?

படி 1: 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன் லென்ஸ்), கம்பளிச் சட்டை, சின்ன நோட்டு. கேமரா முதல் நாள் அறையிலேயே இருக்கட்டும்.

படி 2: வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள். சிறுத்தை உள்ள காடு, இருட்டில் வீரம் வேண்டாம். முகட்டின் கிழக்குச் சரிவில்தான் வெயில் முதலில் விழும். குளிரில் விறைத்த பூச்சிகள் அங்கேதான் முதலில் அசையும், பறவைகளும் அங்கேதான் கூடும்.

படி 3: நில்லுங்கள். நான் சொதப்பியது இங்கேதான். முதல் தடவை ஒவ்வொரு சத்தத்தின் பின்னாலும் ஓடி, இலைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். இங்கே பல இனப் பறவைகள் கூட்டாக இரை தேடும். அரைமணி நேரம் காடே காலியாகத் தோன்றும். திடீரென்று தலைக்கு மேல் இருபது பறவைகள். பச்சை முதுகுப் பட்டாணிக்குருவி, செந்தலையும் கருந்தொண்டையுமாக விரல் நீளமே உள்ள ஒரு குட்டிக் குருவி, கூடவே மரங்கொத்தி. ஐந்து நிமிடத்தில் கடந்துபோய்விடும்.

படி 4: அப்போது எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரே ஒரு அடிமரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மரப்பட்டையே நகர்வதுபோல, கீழிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறினால் அது ட்ரீகிரீப்பர். உச்சிக்குப் போனதும் அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்து, மறுபடி ஏறும். தலைகீழாக இறங்கி வந்தால் பசையெடுப்பான்: நீலச்சாம்பல் முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு. நிறம் தெரியாத மங்கலிலும் ஏறுவதா இறங்குவதா என்பது தெரியும்.

படி 5: காது கொடுங்கள். 'பியோ... பியோ' என்று பள்ளத்தாக்கிலிருந்து யாரோ அழுவதுபோல் கேட்டால் பயப்பட வேண்டாம், அது பெரிய குக்குறுவான். ஆளைக் காட்டாது; உச்சிக் கொம்பில் தேடுங்கள்.

படி 6: பார்த்ததை அங்கேயே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகு, வால், என்ன செய்தது என்பது போதும். அப்புறம் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம்.

ஒன்பதரைக்கு மேல் சத்தம் அடங்கிவிடும். அப்போது மலைக்காட்சி முனையான ஜீரோ பாயிண்ட் ஏறுங்கள். மேகம் மூடாதிருந்தால் எதிரே நந்தாதேவி, திரிசூல் பனிச்சிகரங்கள்.