காந்த ஒழுங்கை அளவீட்டிலிருந்து கண்டறிவது எப்படி? மாங்கனீசு மோனாக்சைடை வைத்து ஒரு செய்முறை

ஒரு பொருளின் காந்த இயல்பை ஆராயும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அண்டை அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒன்றோடொன்று எந்தக் குறியில், எவ்வளவு வலுவாகப் பிணைந்துள்ளன? அந்தப் பிணைப்பு எந்த வெப்பநிலையில் நிலையான ஒழுங்காக மாறுகிறது? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் வருகின்றன. வேறுபாட்டைப் பழகிக்கொள்ள மாங்கனீசு மோனாக்சைடு மிகப் பொருத்தமானது.

பச்சை நிறத் தூளில் சுமார் 50 மில்லிகிராம் எடுத்து, 0.01 மில்லிகிராம் துல்லியத்தில் நிறுக்கவும். தூள் பழுப்பேறியிருந்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது, பயன்படுத்த வேண்டாம். எஃகுக் கரண்டியும் இடுக்கியும் கூடாது, பிளாஸ்டிக்கே நல்லது. இரும்புத் துகள் ஒன்று ஒட்டினாலும் அளவீடு கெடும். எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியாத அளவு சிறிய அசுத்தம்கூடக் காந்தமானியில் பளிச்செனத் தெரியும். தூளை ஜெலட்டின் குப்பியில் இறுக்கமாக அடைக்கவும். தளர்வாக இருந்தால் புலத்தில் துகள்கள் திரும்பிக்கொள்ளும்.

ஸ்குவிட் காந்தமானியில் (மிகச் சிறிய காந்தத் திருப்புத்திறனையும் அளக்கும் மீகடத்திக் கருவி) வைத்ததும் அறையைப் பலமுறை வெற்றிடமாக்கி ஹீலியம் நிரப்பவும். சிக்கிய ஆக்சிஜன் உறைந்தால் 43 முதல் 54 கெல்வினுக்குள் பொய்யான மேடு தோன்றும். மீகடத்திக் காந்தத்தில் தங்கிய புலத்தையும் அலைவு முறையில் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘புலமின்றிக் குளிர்வித்தது’ என்று எழுதுவதில் பொருளில்லை.

புலமின்றி 5 கெல்வின் வரை குளிர்வித்து, 1000 ஓர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) புலம் கொடுத்து, சூடேற்றியபடியே 300 கெல்வின் வரை அளக்கவும். 2 கெல்வின் படி போதும். 105 முதல் 130 கெல்வின் வரை 0.5 ஆகக் குறைக்கவும். பிறகு அதே புலத்திலேயே குளிர்வித்து மறுபடி அளக்கவும். 300 கெல்வினில் திருப்புத்திறன் 0.0034 இ.எம்.யு. (திருப்புத்திறனின் அலகு) அளவில் வர வேண்டும். பத்து மடங்கு விலகினால் முதலில் அலகுக் கணக்கைச் சரிபாருங்கள்.

ஏற்புத்திறன் (ஒரு மோலுக்கான திருப்புத்திறனைப் புலத்தால் வகுத்தது) 118 கெல்வின் அருகே உச்சமடைந்து பின் இறங்கும். இதுவே நீல் வெப்பநிலை, எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கின், அதாவது திருப்புத்திறன்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று நீக்கும் ஒழுங்கின் தொடக்கம். தூள் மாதிரியில் மிகக் குறைந்த வெப்பநிலையில் மதிப்பு உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கை நெருங்க வேண்டும். அங்கே திரும்ப ஏறினால் பாரா காந்த (ஒழுங்கடையாத) அசுத்தம் இருக்கிறது. 43 கெல்வினுக்குக் கீழே புலமின்றியும் புலத்திலும் குளிர்வித்த இரு வளைவுகளும் பிரிந்தால், ஃபெர்ரி காந்தமான (எதிரெதிர்த் திருப்புத்திறன்கள் முழுதும் நீங்காத) ஹாஸ்மனைட் என்ற மாங்கனீசு ஆக்சைடு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கவும். ஆக்சிஜனிலிருந்து அதைப் பிரித்தறிய 5 கெல்வினில் புலத்தை ஏற்றியிறக்கிக் காந்தத் தயக்க வளையம் எடுங்கள்: ஹாஸ்மனைட் வளையம் காட்டும், ஆக்சிஜன் காட்டாது.

இனி ஏற்புத்திறனின் தலைகீழை வெப்பநிலைக்கு எதிராக வரையவும். நேர்கோட்டுச் சாய்வின் தலைகீழ் கியூரி மாறிலி. அதன் வர்க்கமூலத்தை 2.83 ஆல் பெருக்கினால் பயனுறு திருப்புத்திறன் கிடைக்கும். ஐந்து இணையற்ற எலக்ட்ரான்கள் கொண்ட மாங்கனீசு அயனிக்கு 5.92 போர் மேக்னட்டான் எதிர்பார்க்கலாம். கோடு வெப்பநிலை அச்சை வெட்டும் இடம் வெய்ஸ் வெப்பநிலை: இங்கே ஏறத்தாழ மைனஸ் 600 கெல்வின். பிணைப்பின் குறியையும் வலுவையும் பற்றிய முதல் கேள்விக்கு இதுவே விடை. 150 கெல்வினிலிருந்தே கோடு பொருத்துவது பரவலான பிழை. நீல் புள்ளிக்கு மேலும் குறுகிய எல்லை ஒழுங்கு மிஞ்சியிருக்கும். 300 கெல்வினைத் தாண்டி அளப்பது மிக நல்லது, ஆனால் காற்றில் அல்ல. தூள் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

600-க்கும் 118-க்கும் இடையே ஏன் இத்தனை இடைவெளி? முகமையப் படிக அணிக்கோவையில் ஒவ்வோர் அயனிக்கும் 12 முதல் அண்டைகள். ஒழுங்கு நிலையில் ஆறு ஒரு திசையிலும் ஆறு எதிர்த் திசையிலும் நிற்பதால் அவற்றின் விளைவு நீங்கிவிடுகிறது. ஒழுங்கைத் தாங்குவது, ஆக்சிஜன் வழியே 180 பாகையில் இணையும் ஆறு இரண்டாம் அண்டைகளின் மீப்பரிமாற்றம் (இடையிலுள்ள அயனி வழியாக நிகழும் காந்தப் பிணைப்பு). வெய்ஸ் வெப்பநிலையோ எல்லாப் பிணைப்புகளையும் சேர்த்தே எண்ணுகிறது. வெய்ஸ் வெப்பநிலையின் அளவுக்கும் நீல் வெப்பநிலைக்கும் உள்ள விகிதம் பத்தைத் தாண்டினால் வலுவான காந்த முரண்நிலை (எல்லாப் பிணைப்புகளையும் ஒருங்கே நிறைவு செய்ய முடியாத நிலை) எனலாம்.

எதிர்க்குறி வெய்ஸ் மதிப்பு ஒன்றே எதிர் ஃபெர்ரோ காந்தத்துக்குச் சான்றாகாது. ஃபெர்ரி காந்தங்களும் அதைத் தரும். அரிமண் அயனிகளில் படிகப் புலம் மட்டுமே அதை உண்டாக்கலாம். 300 கெல்வினில் 1000, 10000 ஓர்ஸ்டெட் புலங்களில் கிடைக்கும் ஏற்புத்திறன்கள் வேறுபட்டால் ஃபெர்ரோ காந்த அசுத்தம் இருக்கிறது; ஏற்புத்திறனைப் புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து சுழிக்கு நீட்டித் திருத்துங்கள்.

அயனிகள் எந்த வடிவில் எதிரெதிராக அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காந்தமானியால் சொல்ல முடியாது. அதற்கு நியூட்ரான் விளிம்பு விளைவு தேவை. 1949-இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் இதே பொருளை 80 கெல்வினில் ஆராய்ந்து, அறை வெப்பநிலையில் இல்லாத புதிய உச்சங்களைக் கண்டனர். காந்த அலகுக் கூட்டின் பக்கம் வேதியியல் கூட்டின் பக்கத்தைப் போல இருமடங்கு என்பதை அவை காட்டின.