'பொஏம' என்னும் இலத்தீன் சொல்லில் நேரும் தவறுகள்

அகரத்தில் முடியும் பெயர்ச்சொல் பெண்பால் என்று இலத்தீன் முதற் பாடத்திலேயே மனத்தில் பதிந்துவிடுவதால், கவிதையைக் குறிக்கும் 'பொஏம' என்ற சொல்லையும் பலர் பெண்பாலாகவே கொள்கிறார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பாலுக்கு உரியது. ஆக்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையடியோடு, செயலின் விளைவைக் காட்டும் விகுதி சேர்ந்து 'ஆக்கப்பட்டது' என்ற பொருளில் அது பிறந்தது. 'செய்' என்னும் அடியிலிருந்து செய்யுளைப் பெற்ற நமக்கு இந்தப் பிறப்பு அயலாகத் தோன்றாது.

பால் தவறினால் வேற்றுமையும் தவறும். 'கவிதையின்' என்பதற்குப் பெண்பால் வாய்பாட்டைப் பின்பற்றி 'பொஏமை' என்று எழுதுவது பிழை. 'பொஏமதிஸ்' என்பதே சரி. இடையில் தகரம் எங்கிருந்து வந்தது என்று மருள வேண்டியதில்லை. கிரேக்கச் சொல்லின் இறுதியில் தகர மெய் நிற்காது என்பதால் எழுவாயில் அது மறைந்துபோகிறது. உருபு சேரும்போது மீண்டும் வெளிப்படுகிறது. மரம் 'மரத்தை' ஆகும்போது தகரம் தோன்றுவதைக் காதால் அறிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும், காரணம் வேறு என்றாலும்.

பன்மையில்தான் மிகுந்த கவனம் தேவை. கவிதைகள் அழகாக இருந்தால் மட்டும் போதாது, இனிமையாகவும் இருக்க வேண்டும் என்று ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் 'ஆர்ஸ் பொயெட்டிகா' என்னும் கவிதைக்கலை நூலில் சொல்லும் அடியில், 'பொஏமத' என்ற பன்மையும் 'அழகான' என்னும் பொருளுள்ள 'புல்க்ர' என்ற அடைமொழியும் அகரத்திலேயே முடிகின்றன. அவற்றைப் பெண்பால் ஒருமை என்று படிப்பவர், அடுத்து 'இனிமையான' என்னும் பொருளில் வரும் 'துல்கிய' என்ற அடைமொழியைப் பார்க்க வேண்டும். பெண்பால் ஒருமையானால் அது 'துல்கிஸ்' என்று நின்றிருக்கும்.

ரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ போன்றோர் 'கவிதைகளில்' என்ற பொருளில் 'பொஏமதீஸ்' என எழுதினார்கள். ஈற்றயல் உயிர் நெடில் என்பதைத் தவிர ஆறாம் வேற்றுமை ஒருமைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இலத்தீன் எழுத்து பொதுவாக நெடிலைக் காட்டாததால், சூழலைப் பார்க்காமல் பொருள் கொள்ளக் கூடாது.

'பொஏம' போலவே நடுப்பாலுக்கு உரிய, தோற்றத்தைக் குறிக்கும் கிரேக்க 'ஸ்கீம' என்ற சொல்லைப் பழைய ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் தம் நாடகத்தில் பெண்பாலாகவே வழங்கியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அது பழைய பேச்சு வழக்கு. பிற்காலச் செவ்வியல் உரைநடைக்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

உச்சரிப்பிலும் ஒரு தவறு நேர்கிறது. தண்டனையைக் குறிக்கும் 'பொஏன' என்ற சொல்லில் ஒகரமும் எகரமும் ஒரே அசையாய் ஒன்றிவிடும். 'பொஏம' என்பதிலோ இடையிலிருந்த கிரேக்க இகரம் மட்டும் விழுந்ததால் இரண்டும் தனித்தனியே ஒலிக்க, சொல் மூன்றசையாகும்.