அனிமோன் குவாரண்டைன் தொட்டிக்கு எந்தத் தண்ணி?

அனிமோன் என்பது பூ மாதிரி இருக்கிற கடல் பிராணி. புதிதாக வாங்கினதை மெயின் தொட்டியில் விடுமுன் தனியாக வைத்துக் கவனிக்கிற தொட்டிதான் குவாரண்டைன் தொட்டி. கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் போர் தண்ணிக்கு உப்புத் தண்ணி என்று பேர், குடிக்கிற ஆத்துத் தண்ணிக்கு நல்ல தண்ணி என்று பேர். அதனால் புதிதாகக் கடல் தொட்டி வைக்கிறவர்கள், "உப்புத் தண்ணிதானுங்களே, அனிமோனுக்கு ஒத்துக்காதா?" என்று கேட்கிறார்கள். ஒத்துக்காது. அதில் கரைந்திருப்பது பாறையிலிருந்து வந்த சுண்ணாம்பும் மற்றதும். கடல் உப்பின் சேர்மானம் வேறு. சிறுவாணித் தண்ணி எவ்வளவு ருசியாக இருந்தாலும் குளோரின் போட்டுத்தான் குழாயில் வருகிறது. அனிமோனுக்குச் செதிலும் இல்லை, ஓடும் இல்லை, தண்ணீரில் இருப்பதெல்லாம் நேராக உடம்பில் படும். ஊர்விட்டு ஊர் வந்து களைத்துக் கிடக்கிற ஜீவன் வேறு.

முதலில் தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீரை டி.ஐ. ரெசின் (மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் குருணை) வழியாக விட்டு, கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் பிடித்தால் பெரும்பாலும் 0 வராது, ஏனென்றால் ருசிக்காக மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும், இல்லையென்றால் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு இருக்கும். சர்வீஸுக்கு வருகிறவரிடம் சொல்லி மெம்பிரேனிலிருந்தே (தண்ணீரை வடிகட்டும் சவ்வு) ஒரு டியூப் இழுத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணியும் வேண்டாம்.

அடுத்தது பாத்திரம். இதில்தான் நான் அடிபட்டேன். மீனுக்குத் தாமிர மருந்து போட்ட பழைய தொட்டியை நன்றாகக் கழுவிவிட்டு, அதே கல்லோடு என் முதல் அனிமோனை விட்டேன். இரண்டே நாளில் வாய் பிளந்து, பாதம் கல்லைப் பிடிக்காமல் கரைந்து போனது. மீனுக்கு மருந்தாகிற தாமிரம் அனிமோனுக்கு விஷம், கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அந்தத் தொட்டியைத் தொடாதீர்கள். உப்புக் கரைக்கப் பித்தளை அண்டா, மோந்து ஊற்றச் செம்புச் சொம்பு, இரண்டும் கூடாது. புது பிளாஸ்டிக் பக்கெட் போதும்.

40 லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ ரீஃப் சால்ட், அதாவது கடல் தொட்டிக்கென்றே விற்கிற உப்புக் கலவை. தூத்துக்குடி கல்லுப்பு சமையலுக்குச் சரி, அது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. தண்ணீரை முதலில் நிரப்பி, பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்) ஓடவிட்டு, உப்பைக் கை கையாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் படிந்துவிடும். முதலில் அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கும், தெளிந்து பக்கெட்டின் அடி பளிச்சென்று தெரியும். தெளிந்தாலும் ஒரு நாள் முழுக்க ஓடட்டும்.

அப்புறம் அளவு. 25 டிகிரியில் ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பின் அளவு பார்க்கும் கருவி) 1.026 காட்ட வேண்டும், அதாவது ஒரு கிலோ கடல் தண்ணீரில் 35 கிராம் உப்பு. 35 என்று குறித்த காலிபரேஷன் திரவத்தை ஒரு சொட்டு விட்டு மீட்டரைச் சரிபார்த்த பிறகே நம்புங்கள். பிஎச் 8.1 முதல் 8.4, அமோனியா 0. அமோனியா ஏறாமல் இருக்க, மெயின் தொட்டியில் மூன்று நான்கு வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்து வையுங்கள். அந்தத் தொட்டியிலும் தாமிரம் போட்டிருக்கக் கூடாது.

சித்திரை வெயிலுக்கு ஃபேன் வைத்தாலும் சரி, ஆடிக் காத்து ஜன்னல் வழியாக அடித்தாலும் சரி, தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல.

அனிமோன் வந்ததும் ஏர் டியூப்பில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம், அனிமோனும் பைத் தண்ணீரும் இருக்கிற பாத்திரத்தில் விடுங்கள். பிறகு அனிமோனை மட்டும் தூக்கித் தொட்டியில் வையுங்கள், பையோடு வந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.