வடுவூர் ஏரிக்கரையில் பறவை பார்க்க: பைனாகுலர், ஸ்பாட்டிங் ஸ்கோப், தூரமானி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்யும் முறை

துப்பாக்கியின் மேல் பொருத்துகிற தொலைநோக்கியும் அதனுடன் சேர்ந்து வரும் லேசர் தூரமானியும் வேட்டைக்காகவே விளம்பரப்படுத்தப்படுகின்றன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவை வேட்டை குற்றம். ஆனாலும் மடையான் பறவையையும் கொக்கையும் கண்ணி வைத்துப் பிடிப்பது டெல்டாவில் இன்னும் ஒழியவில்லை. தூரத்தில் இருப்பதை அருகில் காட்டுவதும், அதன் தூரத்தை அளந்து சொல்வதும் பறவைகளை எண்ணுபவருக்கும் அதே அளவு தேவை என்பதால், பைனாகுலர், ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி), தூரமானி ஆகியவற்றை எப்படி வாங்குவது, எப்படிச் சரிசெய்வது என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: உருப்பெருக்கத்தைத் தீர்மானித்தல்

பைனாகுலரின் மேல் 8x42 என்று அச்சிட்டிருந்தால், அது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், பொருளருகு லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். 400 மீட்டருக்கு அப்பால் நிற்கும் நாரை 50 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 8x42இல் அது சுமார் 5.25 மி.மீ., 10x42இல் 4.2 மி.மீ. மார்கழி விடியலில் ஏரிக்கரையில் நிற்கும்போது இந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

நான் முதலில் வாங்கியது 20x50. இருபது மடங்கு என்ற எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கினேன். விற்றவரும் அதையே சிறப்பாகச் சொன்னார். திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரிக்கரையில் நின்று அதைக் கண்ணில் வைத்தபோது, கை நடுக்கமும் இருபது மடங்காகப் பெருகி, நத்தைக்குத்தி நாரை ஒரு சாம்பல் நிறக் கோடாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. கையில் பிடித்துப் பார்க்க எட்டு மடங்கே போதும், மிஞ்சினால் பத்து. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இரண்டாம் படி: கடையிலேயே சோதித்தல்

கருவியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கண்ணருகு லென்ஸைப் பாருங்கள். அங்கே தெரியும் இரு ஒளிப்பொட்டுகளும் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் மங்கினால் உள்ளே இருக்கும் பட்டகம் தரம் குறைந்தது. பிறகு தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தையோ கோயில் கோபுரத்தின் கலசத்தையோ இரண்டு நிமிடம் தொடர்ந்து பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தாலோ, புருவத்தின் நடுவே வலித்தாலோ இரு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அதை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது, வேறொன்றைக் கேளுங்கள்.

கண்ணாடி அணிபவர்கள், கண்ணருகு லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தூரம்வரை விலக்கி வைத்தாலும் முழுக் காட்சி கிடைக்கும் என்ற அளவையும் கேட்க வேண்டும், 16 மி.மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. உள்ளே நைட்ரஜன் நிரப்பி நீர் புகாதபடி அடைத்த கருவியாகவும் இருக்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தைவரை காற்றில் ஈரம் ஊறிக்கிடக்கும் நம் பக்கத்தில் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்தல்

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இதுதான். நல்ல கருவியை வாங்கிவிட்டு “மங்கலாகத் தெரிகிறது” என்று குறைப்படுபவர்களில் பலர் இதைச் செய்திருக்கவே மாட்டார்கள்.

முதலில் இரு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகக் கூடும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி அணிந்திருந்தால் ரப்பர்க் கிண்ணத்தை உள்ளே இறக்குங்கள், இல்லையென்றால் முழுவதும் வெளியே திருப்புங்கள். அடுத்து, ஐம்பது மீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊர்ப் பெயர்ப் பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எழுத்துகளின் கூர்மையான விளிம்பு கண்ணை ஏமாற்றாது. வலப்பக்கப் பொருளருகு லென்ஸை உள்ளங்கையால் மறைத்து, இரு கண்களையும் திறந்தபடியே, இடக்கண் காட்சி தெளியும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பின் இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கம் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இனி வளையத்தைத் தொட வேண்டியதில்லை, எந்தத் தூரத்துக்கும் நடுச்சக்கரம் ஒன்றே போதும். வளையம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டால், பிள்ளைகள் கை பட்டு நகர்ந்தாலும் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க நத்தைக்குத்தி நாரையைவிட நல்ல தேர்வுப் பலகை கிடையாது. அதன் அலகை மூடியிருக்கும்போதும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியே பின்னால் உள்ள தண்ணீரின் பளபளப்பு தெரிந்தால் உங்கள் கருவி சரியாக அமைந்துவிட்டது.

நான்காம் படி: ஸ்பாட்டிங் ஸ்கோப்பை முக்காலியில் நிறுத்துதல்

வடுவூர் ஏரி ஏறத்தாழ 113 ஹெக்டேர். எதிர்க்கரையோரம் மேயும் வாத்துகளுக்குப் பைனாகுலர் எட்டாது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி இன்னும் பெரியது, 450 ஹெக்டேருக்கும் மேல். அங்கே வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க 20–60x80 அளவுள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப் உதவும். ஆனால் 60 மடங்கில் ஒளிக்கற்றை 1.3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் காட்சி இருண்டுவிடும். நான் 30 மடங்கைத் தாண்டுவது அரிது.

முக்காலிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். கால்களை அகல விரித்து, நடுத்தண்டை உயர்த்தாமல் வைத்து, அதன் கொக்கியில் உங்கள் பையைத் தொங்கவிடுங்கள். கரையின் களிமண்ணில் கால்கள் மெல்லமெல்லப் புதைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்சி ஒரு பக்கம் சரியும். இதற்கு ஒவ்வொரு காலின் கீழும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைப்பது நான் கண்ட எளிய வழி. கண் வைத்துப் பார்க்கும் பகுதி 45 பாகை சாய்ந்திருக்கும் வகையை வாங்கினால், உயரமானவரும் சிறுவரும் ஒரே முக்காலியில் பார்க்கலாம்.

பறவையைத் தேடும் வேலையைப் பைனாகுலரிடமே விட்டுவிடுங்கள். அது நிற்கும் கருவேல மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்து அந்த மரத்துக்குத் திருப்பிய பிறகே உருப்பெருக்கத்தைக் கூட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: தூரமானி

தூரம் தெரியாமல் பறவையின் அளவைச் சொல்ல முடியாது. 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரைப் பகுதியின் உப்பளங்களில் பெரும்பூநாரையும் வரும், சிறுபூநாரையும் வரும். கூட்டமாக நின்றால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிடலாம். தனியாக நின்ற ஒன்றை, 300 மீட்டர் இருக்கும் என்று மனக்கணக்காக எண்ணி, அவ்வளவு அருகில் இவ்வளவு சிறியதாகத் தெரிகிறதே என்று சிறுபூநாரை எனக் குறித்துக்கொண்டேன். கூட வந்தவர் பக்கத்தில் இருந்த உப்பு அம்பாரத்தைத் தூரமானியால் அளந்தார்: 520 மீட்டர். ஸ்கோப்பில் பார்த்தபோது இளஞ்சிவப்பு அலகும் கறுத்த நுனியும் தெரிந்தன; அது பெரும்பூநாரையே. வெட்டவெளியில் தூரத்தைக் கண் குறைத்தே மதிப்பிடும்.

லேசர் தூரமானி ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது; 300 மீட்டருக்கு இரண்டு மைக்ரோ நொடி. வாங்கியதும் முதலில் அளவை கஜத்திலிருந்து மீட்டருக்கு மாற்றுங்கள். 100 கஜம் என்பது 91 மீட்டர்தான் என்பதால் மறந்தால் கணக்கெல்லாம் பிசகும். பிறகு நில அளவை நாடாவால் கரையில் 50 மீட்டர் அளந்து, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முன்னால் கோரையும் நாணலும் இருந்தால் அவற்றின் தூரத்தையே காட்டிவிடும். தொலைவில் உள்ள பொருளைக் காட்டும் அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். தண்ணீரின் மேல் சாய்வாகப் படும் ஒளி திரும்பி வராது. எனவே பறவையை நோக்கி அழுத்தாமல், அதனருகே உள்ள மரத்தையோ திட்டையோ அளப்பதே முறை, பறவையின் கண்ணுக்கும் அதுவே நல்லது.

இந்த எண்ணை எண்ணிக்கைக்கும் பயன்படுத்தலாம். உங்கள் பைனாகுலரின் காட்சி அகலம் 1000 மீட்டரில் 130 மீட்டர் என்றால், 300 மீட்டரில் அது 39 மீட்டர். ஒரு காட்சிக்குள் அடங்கும் ஊசிவால் வாத்துகளை நிதானமாக எண்ணி, கூட்டம் எத்தனை காட்சி நீளம் என்று பார்த்தால், வனத்துறையின் கணக்கெடுப்பில் துணைக்குச் செல்லும்போது நம்பத்தக்க எண்ணைச் சொல்ல முடியும்.

ஆறாம் படி: நேரமும் பராமரிப்பும்

காலையில் சூரியன் முதுகுக்குப் பின் இருக்குமாறு கிழக்குக் கரையில் நில்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல், முக்கியமாக உப்பளத்தில், கானல் எழுந்து எந்தக் கருவியிலும் காட்சி நெளியும். அப்போது உருப்பெருக்கத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் ஆவி படியும், துடைக்காமல் கால் மணி நேரம் பொறுங்கள்.

கோடியக்கரையிலிருந்து திரும்பியதும் துண்டால் லென்ஸைத் துடைக்கவே கூடாது. உப்புத் துகள் கீறிவிடும். ஊது பந்தால் ஊதி, மென் தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகே லென்ஸ் துணியைத் தொட வேண்டும். பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்த என் பழைய கருவியில் ஒரே மழைக்காலத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்தது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானதும் எடுத்து, வாணலியில் சிறு தீயில் வறுத்து, நிறம் திரும்பியதும் ஆறவிட்டு மீண்டும் டப்பாவில் போட்டுவிடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காமல் தனியாக வையுங்கள்.