ஓவியராகப் போகிறீர்களா? ராஜினாமாவுக்கு முன் கோப்பைப் பாருங்கள்

திருகோணமலையில் பல்கலைக்கழக வேலையை விட்டு முழுநேரமாக வரைய நினைப்பவர்கள் முதலில் தங்கள் பழைய வேலைக் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. சம்பளத்தோடு லீவு எடுத்து மேற்படிப்பு முடித்தவர் என்றால் திரும்பி வந்து குறித்த காலம் வேலை செய்வேன் என்ற பிணைமுறியில் பெரும்பாலும் கையெழுத்திட்டிருப்பீர்கள். கட்டாய சேவைக்காலம் முடியாமல் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். பிணை நின்றவரிடமும் கேட்பார்கள். அது உங்கள் மச்சான் என்றால் வீட்டுக்குள்ளேயே சண்டைதான்.

பிணை இல்லையா? சரி, அப்போதும் முதலில் சம்பளமற்ற லீவு கேட்டுப் பாருங்கள். ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி 1896இல், 30 வயதில், சட்டப் பேராசிரியர் பதவியை மறுத்து மியூனிக்குக்கு ஓவியம் படிக்கப் போனார். ஆனால் அவர் வசதியான வீட்டுப் பிள்ளை.

லீவு மே முதல் செப்டெம்பர் வரை கிடைத்தால் நல்லது. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் வெளிநாட்டார் வரும் காலம் அது. படம் விலைபோகுமா என்பது விரைவில் தெரிந்துவிடும். வடகீழ்ப் பருவமழையில் தொடங்கினால் வாங்க ஆளும் குறைவு, நீர்வண்ணத் தாளும் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூக்கும்.

கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படத்தை விமானத்தில் கொண்டுபோக யாரும் விரும்புவதில்லை. ஏ4 அளவில், சட்டமில்லாமல், பின்னால் மட்டை வைத்து பிளாஸ்டிக் உறையில் கொடுங்கள். கோணேசர் கோயிலையும் கோட்டை மான்களையும் எல்லாரும் வரைகிறார்கள். விடியற்காலையில் கரைவலை இழுக்கும் பக்கம் போய்ப் பாருங்கள்.